கோழிக்கூட்டுக் கம்பி

நவம்பர் 13, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிகிறது. நாளை காலை அப்பாவின் ஜீப்பில் போடிக்கு இறங்கி விடுதிக்குப் போய்விடுவேன். மாத இறுதியில் அறிவியல் கண்காட்சி. பத்தாம் வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் எரிமலை செய்கிறார்கள். என் தலைப்பு: "மலைப்பாதைக்கு ஏற்றது ஒரே அச்சா, தனித்தனிச் சக்கரமா?" எங்கள் மஞ்சக்கோம்பையில் இருப்பதே இரண்டு வண்டிகள்தான். ஒவ்வொன்றும் ஒரு வகை. இதைவிட வசதி வேறு யாருக்குக் கிடைக்கும்?

அப்பாவுடையது பழைய ஜீப். அதன் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்புக் குழல் இணைக்கிறது. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றது கீழே அழுந்தும், தராசைப் போல. சித்தப்பாவுடையது புது வண்டி. அதில் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனிக் கை. ஒன்று குழியில் இறங்கினால் மற்றதற்கு அது தெரியவே தெரியாது.

இன்று இருவரையும் பேட்டி எடுத்தேன். தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். ஒன்றாக உட்கார வைத்தது என் தவறு.

"அண்ணே, ஒன் வண்டியில போனா குடிச்ச காப்பி மூக்கு வழியா வந்துரும்" என்றார் சித்தப்பா.

"ஒன்னுது வண்டியாடா? சோபா செட்டு. வீட்டுல போட்டு ஒக்காந்துக்க. மலைக்கு எதுக்கு?"

"இந்தா, வயித்துல புள்ளையோட ஒருத்தி இருக்கா. அவ ஒன் வண்டியில ஏறுவாளா?"

"இடுப்பு வலிக்காம போறது முக்கியமா, போய்ச் சேர்றது முக்கியமா? நாலு வீலும் தரையில நிக்கணும்டா. என்னுது நிக்கும்."

நான்கு சக்கரமும் என்ஜின் விசையில் சுற்றும் ஜீப் என்பதால் அப்பாவை ஊரே ஃபோர்வீல் சன்னாசி என்றுதான் கூப்பிடும். சித்தப்பா பரமன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடம் முன்பு இந்த வண்டியை வாங்கியதிலிருந்து இப்படித்தான்.

சாயங்காலம் கோழிகளை அடைத்தேன். கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் கம்பி மழையில் வழுக்குகிறது. நுனியில் பற்கள் செதுக்கியிருப்பதால் அந்தப் பக்கம் பிடித்தால் வழுக்காது. மறுமுனை கோணலாக ஒடிந்திருக்கும், கையைக் கிழிக்கும்.

நவம்பர் 14, செவ்வாய்

போகவில்லை. இரட்டைப்பாறை வளைவில் பாதி ரோடு சரிந்துவிட்டது. நடைபாதையில் இருந்த மரப்பாலத்தை ஓடை கொண்டுபோய்விட்டது. போனில் சிக்னல் இல்லை. ஆண்கள் பெரும்பாலும் தீபாவளிக்குக் கீழே உறவினர் வீடுகளுக்குப் போனவர்கள், இன்னும் திரும்பவில்லை. ஊரில் நடமாடக்கூடிய ஆண்கள் நான்கு பேர். அவர்களில் இருவர் அப்பாவும் சித்தப்பாவும்.

எனக்கு வரலாற்றுப் பாடத்தில் இரண்டு அலகு பாக்கி இருக்கிறது. படிக்க நேரம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 15, புதன்

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. மேட்டில் ஜீப்பின் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால், அந்தப் பக்கத்து பம்பரில் ஆள் ஏறி நிற்க வேண்டும். "பாரத்துக்கு நிக்கிறது" என்று பெயர். எந்த வளைவில் எத்தனை பேர் என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். தூக்கும் சக்கரத்தைப் பார்த்தும் இறங்கி நிற்காதவன் வீட்டுக்கு அடுத்த நாள் யாரும் பால் ஊற்ற மாட்டார்கள்.

சித்தப்பா இன்று யாரையும் கூப்பிடாமல் தனியாகப் போனார். கூப்பிட்டால் அப்பாவும் வருவார், வந்தால் பேசுவார் என்பது காரணமாக இருக்கலாம். இரட்டைப்பாறையில் இடது சக்கரம் பாறையில் ஏறியது. வலது சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சுற்றியது. அவர் இன்னும் வேகம் கொடுத்திருக்கிறார். சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் சட்டென்று கல்லைப் பிடித்ததும் உள்ளே இருந்த இணைப்பு முறிந்துவிட்டது. பின்சக்கரங்களை மட்டும் வைத்துப் பின்னோக்கியே ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். "சோபாவுக்குக் காலு ஒடிஞ்சிருச்சா?" என்றார்.

சித்தப்பா வண்டிக்கு அடியில் படுத்தார். உடைந்த துண்டைக் கழற்றி எடுத்துவிட்டு, சக்கரம் கழன்று போகாமல் இருக்க அதன் வெளிமுனையை மட்டும் திரும்ப மாட்டினார். நான் படம் வரைந்துகொண்டேன். கண்காட்சிக்கு நல்ல சான்று.

நவம்பர் 16, வியாழன்

சித்தப்பாவின் மனைவி வினோதினி சித்திக்கு எட்டாம் மாதம். காலையில் போனபோது அவருடைய கொலுசு கணுக்காலில் புதைந்திருந்தது. அம்மா சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. தலைவலி என்றும் சித்தி சொன்னார்.

எனக்கு எது கிடைத்தாலும் படிக்கும் பழக்கம். அலமாரியில் இருந்த கர்ப்பிணிகளுக்கான பதிவுப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஆபத்தின் அறிகுறிகள்: முகம், கை, கால் வீக்கம். விடாத தலைவலி. பார்வை மங்குதல். வலிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. சத்தமாகப் படித்திருக்கக் கூடாது. சித்தி என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார்.

கம்பில் துணி கட்டி டோலியாகத் தூக்கலாமா என்று தெருவில் கூடிப் பேசினார்கள். ஜீப் பாதை பதினாலு கிலோமீட்டர். சேற்றில் மாற்றி மாற்றித் தூக்க எட்டுப் பேராவது வேண்டும். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

சித்திதான் திண்ணையிலிருந்து கேட்டார். "மாமா, நீங்க நெனச்சா கொண்டு போயிரலாம்ல?"

"கொண்டு போயிரலாம் தாயி. பிரேக் கட்டை தேஞ்சு கெடக்கு. அத மட்டும் பாத்துட்டு எறங்குவோம்."

நவம்பர் 17, வெள்ளி

மழை. அப்பா முன்சக்கரத்தைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். பிரேக் கட்டை நன்றாகத்தான் இருந்தது. இப்போது வேறு ஏதோ சரியில்லையாம்.

நவம்பர் 18, சனி

அப்பா ஓடையைப் பார்க்கப் போயிருந்தபோது கண்காட்சிக்காக ஒரு பரிசோதனை செய்தேன்.

தகரப்பெட்டியில் ஜீப்போடு வந்த ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது; மீதியை அகராதி வைத்துப் படிக்கிறேன். முன்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினால், வண்டியின் அடியில் என்ஜினிலிருந்து முன் அச்சுக்கு வரும் நீளத் தண்டும் கூடவே சுற்ற வேண்டும். குழலுக்கு உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகள்தான் அந்தத் தண்டின் விசையைச் சக்கரங்களுக்குக் கொடுக்கின்றன. இதை விளக்கப் படமாக வைக்கலாம் என்று நினைத்தேன்.

வலது சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். தண்டு சுற்றவில்லை. இடது சக்கரம். அப்போதும் சுற்றவில்லை. சக்கரங்கள் மிக இலேசாகச் சுற்றின, மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி. ஒரு முறை செய்தால் போதாது என்று அறிவியல் ஆசிரியை சொல்வார். மூன்று முறை செய்தேன்.

சக்கரத்தின் நடுமூடியை விரலால் தட்டினேன். காலி டப்பாவைத் தட்டிய சத்தம்.

அப்பா திரும்பி வருவதற்குள் ஜாக்கியை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நான் ஜாக்கியைத் தவறாக வைத்திருக்கலாம். புத்தகம் வேறு மாடலுக்கு உரியதாக இருக்கலாம்.

நவம்பர் 19, ஞாயிறு

காலையில் சித்திக்குக் கஞ்சி கொண்டுபோனேன். "கதவுகிட்ட நிக்கிறது யாரு, பவாவா? கூட யாரு?" என்றார். நான் தனியாகத்தான் போயிருந்தேன்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் வெளியே வந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஒங்கப்பன் என்ன பண்றாரு?" என்று கேட்டார்.

"வண்டியத் துடைச்சிட்டு இருக்காரு."

"தொடைக்கட்டும். பளபளன்னு இருக்கணும்ல" என்றவர், என் பக்கம் திரும்பி, "என் மேல இருக்க கோவத்த அவ மேல காட்டுறாரா பவா?" என்றார்.

இல்லை சித்தப்பா என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பாவின் பெயர் என்ன ஆகும்? ஃபோர்வீல் என்பதை எடுத்துவிட்டால் சன்னாசி மட்டும்தானே மிச்சம்?

சாயங்காலம் கோழிகளை அடைத்தபோது கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். உள்ளே போய் ஜீப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். முன் அச்சுப் படத்தில் இருக்கும் கம்பியின் நுனியில் பத்துப் பற்கள். என் கையில் இருந்ததிலும் பத்து.

"இந்தக் கம்பி ஏதும்மா?" என்று கேட்டேன்.

"மூணு வருசம் ஆச்சு. கூட்டுக்கு நல்லா இருக்கும்னு ஒங்கப்பாதான் குடுத்தாரு. ஏன், துருப்பிடிச்சிருச்சா?"

இல்லை என்றேன். துருப்பிடிக்கவில்லை. நல்ல இரும்பு.

நவம்பர் 20, திங்கள்

காட்டுப்பூனை வந்து அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைத் தூக்கிப் போய்விட்டது. முட்டைகள் எல்லாம் உடைந்து கிடந்தன. கூட்டுக்கு முட்டு இல்லை. "கம்பிய என்னடி பண்ண? படிக்கிற பொண்ணுக்கு ஒரு கதவச் சாத்தத் தெரியல" என்று அம்மா திட்டினார்.

கம்பியை நேற்று நான் ஜீப்பின் டிரைவர் சீட்டில் வைத்திருந்தேன்.

அப்பா காலையில் துணியும் வாளியுமாகப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கம்பியை எடுத்தார். ஒடிந்த முனையைக் கட்டைவிரலால் தடவினார். கோழிக்கூட்டைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். பிறகு கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் சித்தப்பா வீட்டுக்கு நடந்தார். அந்த வாசலை அவர் மிதித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் கோழி இறகு பொறுக்குவதுபோல் பின்னால் போனேன்.

"என்னாண்ணே, அடிக்கவா வந்திருக்க?" என்றார் சித்தப்பா.

"இது என் முன் ஆக்ஸில்ல இருந்ததுடா."

சித்தப்பா கம்பியை வாங்கிப் பற்களைப் பார்த்தார். ஒடிந்த முனையைப் பார்த்தார்.

"இன்னொன்னு?"

"இது ஒடிஞ்சப்பவே அதையும் உருவிட்டேன். ஒன்ன மட்டும் வச்சு என்ன பண்றது? இந்த மாடலுக்குச் சாமான் கிடைக்கல. அப்புறம்... அது இல்லாமலே ஏற முடிஞ்சது. சொல்லாமலே விட்டுட்டேன்."

"மூணு வருசமா வெறும் ரெண்டு வீல்லயா ஏத்துன?"

"ஆமா."

"இரட்டைப்பாறையில? ஏலக்கா லோடோட?"

"ஆமாங்குறேன்ல."

"எலெக்சன் பெட்டிய ஏத்துனப்பவும்?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

சித்தப்பா சிரிப்பாரோ என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. கம்பியைச் சுவரில் சாத்திவிட்டு, "பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியலண்ணே" என்றார். "நாலு நாளு. நாலு நாளா நான் ஒன் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு வீலுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே வேற வழி பாத்திருப்பேன்ல?"

அப்பா குனிந்து சித்தப்பாவின் வண்டிக்கு அடியில் பார்த்தார். "ஒன்னுதும் இப்ப ரெண்டு வீலுதான?" என்றார்.

பிறகு பேச்சே, ஒரு வண்டியை மற்றது இழுக்கும் கயிற்றைப் பற்றியதாகிவிட்டது.

நவம்பர் 21, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சித்தி எந்த வண்டியில் ஏறுவது என்பதில் சண்டை இல்லை. "சோபாவுலயே ஏறட்டும். என்னுது குலுக்கிரும்" என்று அப்பாதான் முதலில் சொன்னார். சித்தியைப் பின்சீட்டில் இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். அம்மா தலைமாட்டில்.

இரட்டைப்பாறை. பாதையின் இடதுபக்கம் பாறை, வலதுபக்கம் சரிந்த மண். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம், உருண்டைக் கற்கள் நிரம்பியது. முதலில் அப்பாவின் ஜீப் ஏறிப்போய், அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பாவின் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். தள்ளும் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் என்பதால் பாரம் பின்னால் வேண்டும். ஜீப்பின் பின்புறம் மண்மூட்டை எட்டு. மூட்டைமேல் பெண்கள் ஐந்து பேர். பின் பம்பரில் மற்ற இரண்டு ஆண்கள்.

அப்பா இறங்கி ஒவ்வொரு கல்லாகக் காலால் அசைத்துப் பார்த்தார். இரண்டு கற்களை மாற்றி வைத்தார். மறுபடி ஏறி உட்கார்ந்தார். ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

ஜீப் நத்தை வேகத்தில் இறங்கியது. வலது முன்சக்கரம் கல்லில் ஏறியதும் இடது சக்கரம் தானாகக் கீழே அழுந்தியது. வண்டி முழுவதும் ஒருபக்கம் சாய்ந்தது, பெண்கள் அலறினார்கள். ஆனால் நான்கு சக்கரங்களில் ஒன்றுகூடத் தரையைவிட்டுக் கிளம்பவில்லை. அதில் அப்பா சொன்னது உண்மைதான். மேட்டில் பின்சக்கரம் வழுக்கியது. அப்பா வேகம் கொடுக்கவில்லை. வழுக்கியதை நிறுத்தி, ஒரு முழம் பின்னால் விட்டு, வேறு கல்லைப் பிடித்து ஏறினார். நான்கு முறை இப்படி. ஐந்தாம் முறை மேலே போய்விட்டார். யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் உடனே மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்தது சித்தப்பாவின் வண்டி. கயிறு இறுகியது. நடுப்பள்ளத்தில், அன்றைக்குப் போலவே, வலது முன்சக்கரம் தூக்கியது. வண்டி பாறைப் பக்கமாகத் திரும்பப் பார்த்தது. "வலது பக்கம் பாரம்!" என்று சித்தப்பா கத்தினார். ஆண்கள் கயிற்றில் இருந்தார்கள். பக்கத்தில் நின்றது நான். பம்பரின் வலது ஓரத்தில் ஏறி, பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் எடை முப்பத்தொன்பது கிலோ. போதவில்லை. பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள் ஏறினார்கள். சக்கரம் மெல்ல இறங்கிக் கல்லைத் தொட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தி இருந்தார். கண் திறந்திருந்தது. என்னை நேராகப் பார்த்தார். நான் யார் என்று தெரிந்திருக்காது.

மேலே போனதும் எங்களை இறக்கிவிட்டார்கள். கயிற்றை அவிழ்க்காமலே, ஜீப் முன்னால், வண்டி பின்னால், வளைவைத் தாண்டி மறைந்தன. பாதை வளைந்து இரட்டைப்பாறைக்கு நேர் கீழே வரும் பத்தாம் கிலோமீட்டரைத் தாண்டினால் மூன்று முறை ஹாரன் அடிப்பதாக ஏற்பாடு. மதியம் வரை பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். மூன்று கேட்டது. ஜீப்பின் ஹாரன்.

நாங்கள் திரும்பி நடந்தோம். இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் மற்ற எல்லாம்.

நவம்பர் 22, புதன்

தகவல் இல்லை. ஆறு கோழிகள். கூட்டுக்கு விறகுக்கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 23, வியாழன்

தகவல் இல்லை. பதிவுப் புத்தகத்தைச் சித்தியின் வீட்டிலேயே விட்டுப் போய்விட்டார்கள். எடுத்து வந்து வைத்திருக்கிறேன். படிக்கவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

மழை நின்றது. வரலாறு இரண்டு அலகும் முடித்துவிட்டேன். எதுவும் மனதில் நிற்கவில்லை.

நவம்பர் 25, சனி

அப்பா வந்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். சட்டை அன்றைக்குப் போட்டிருந்த அதே சட்டை.

ஆண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். குழாய் வழியாகப் பால். சித்திக்கு மருத்துவமனை வாசலில் வலிப்பு வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். வலது கண்ணில் மட்டும் இன்னும் பார்வை தெளியவில்லை. வரும், வராது, இரண்டும் சொல்கிறார்களாம். அம்மா அங்கேயே இருக்கிறார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள்.

"ரெண்டு நாளைக்கு முந்திக் கொண்டாந்திருந்தா இவ்வளவு வந்திருக்காதுன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரோடு இல்லம்மான்னு சொன்னேன்."

பெண்கள் தலையாட்டினார்கள். ரோடு இல்லைதான்.

சித்தப்பா கீழே எல்லோரிடமும், "எங்கண்ணன் ரெண்டே வீல்ல இரட்டைப்பாறைய ஏத்துன ஆளு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். டீக்கடையில் அப்பாவை உட்கார வைத்துச் சொல்லச் சொன்னார்களாம். அப்பா டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாராம். இதையெல்லாம் அவரே சொன்னார், சோற்றைப் பிசைந்துகொண்டே. சாப்பிடவில்லை.

பிறகு கோழிகளை அடைக்க என்னோடு வந்தார். விறகுக்கட்டையைப் பார்த்தார்.

"கம்பிய சீட்டுல வச்சது நீதான?"

"ஆமாப்பா."

"ஆக்ஸிலுக்குள்ள கம்பி இல்லன்னு ஒனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?"

என் கையில் கோழி இருந்தது. அதைக் கூட்டுக்குள் விட்டேன். இன்னொன்றைப் பிடித்தேன்.

"வச்ச அன்னைக்குத்தான்ப்பா. சாயங்காலம். கம்பியப் பாத்ததும் தெரிஞ்சுது."

அப்பா என் கையிலிருந்த கோழியை வாங்கிக் கூட்டுக்குள் விட்டார். பிறகு என் தலையில் கை வைத்தார். "அப்ப ஒம் மேல ஒண்ணும் இல்ல தாயி. எல்லாம் என்னுது" என்றார். கட்டையைக் கதவுக்குக் கொடுத்து, அசைகிறதா என்று இரண்டு முறை பார்த்தார்.

நவம்பர் 26, ஞாயிறு

நாளை அப்பா என்னைக் கீழே கொண்டுபோய் விடுகிறார். கண்காட்சிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அட்டை, படங்கள், அளவுகள் எல்லாம் தயார். ஆசிரியை கேட்டால் இரண்டு வண்டிகளைப் பற்றியும் என்னால் அரை மணிநேரம் பேச முடியும்.

பெட்டி கட்டும்போது இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். அப்பாவுக்கு இதைப் படிக்கும் பழக்கம் இல்லை. பதினெட்டாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஓரத்தைப் பிடித்தேன். அதன் பின்பக்கத்தில் பத்தொன்பதாம் தேதி இருக்கிறது. சித்தி, "கூட யாரு?" என்று கேட்டது அதில்தான்.

கிழிக்கவில்லை.